கொம்பனின் ஃபிளாஷ்பேக்

வில்லனை மன்னிக்க வைக்கிற சினிமாவால்தான் இந்த நாடு இந்த நிலைமையில் இருக்கிறது என்று ஜோவின் அறிவித்தான். துறைத்தலைவர் அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில், பரிசு வாங்கக் காத்திருப்பவன்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். மடியில் புத்தகப் பை.

பக்கத்தில் இவாஞ்சலின், அவளுக்கு அந்தப் பக்கம் ஃபஹீம். மூவரும் ஆம்பூரை ஒட்டிய கல்லூரியில் காலணி வடிவமைப்பு கடைசி வருடம். ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் போய் ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் படத்தைத் தமிழில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் விழுந்து விழுந்து பார்த்த தொடருக்கு முன்னால் நடந்த கதை அது.

ஆனால் பெஞ்சுக்கு வந்தது படத்துக்காக அல்ல. இவாஞ்சலின் தன் ப்ராஜெக்ட் ஷூவுக்காக தோல் பதனிடும் டானரியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த முழுக் கறுப்புத் தோலை, லேபில் யாரோ வெட்டியிருந்தார்கள். அதுவும் நடுமுதுகில். தோலிலேயே நல்ல இடம் அதுதான். அங்கே ஓட்டை விழுந்தால் மிச்சம் பர்ஸ் தைக்கத்தான் ஆகும். அடுத்த வாரம் கம்பெனிக்காரர்கள் ஷூவைப் பார்க்க வருகிறார்கள். அவளுடைய வேலையே அதில்தான் இருந்தது.

வெட்டியவனுக்குக் கம்பெனிப் பயிற்சி கிடையாது என்று துறைத்தலைவர் சூரியபிரகாஷ் காலையில் வகுப்பில் சொல்லிவிட்டார். அப்போது வகுப்புப் பிரதிநிதி என்ற முறையில் ஜோவின் எழுந்து ஒரு யோசனையும் கொடுத்தான். யார் மாட்டினாலும் காரணம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கதை சொல்வார்கள். வகுப்பே கை தட்டியது. கையோடு, ஒவ்வொருவராகப் பையுடன் வரச் சொல்லி விசாரணை ஆரம்பமானது.

முறை வரும்வரை ஜோவின் படத்தைப் பிரித்து மேய்ந்தான். நல்லதையும் சொல்லாமல் விடவில்லை. பாலத்தின்மேல் நடக்கும் சண்டையில் இசையே இல்லாமல் மழைச் சத்தத்தை மட்டும் விட்டது பெரிய மனசு. நெருப்பைக் கையால் வரைந்தவனுக்குக் கோயிலே கட்டலாம்.

மற்றபடி எல்லாம் ஓட்டை. யார் பிழைப்பான் என்று தொடரிலேயே தெரிந்துவிட்டதால், நாயகன் மலை உச்சியில் ஒற்றை விரலில் தொங்கியபோது ஃபஹீம் நிம்மதியாகப் பாப்கார்ன் தின்றான். பழைய பாத்திரங்கள் எல்லாம் கல்யாண வீடியோவில் வரும் சொந்தக்காரர்கள்போல ஆளுக்கொரு முறை வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, வில்லன் கொம்பனின் சின்ன வயசு. பாதிப் படத்தை அதுவே தின்றுவிட்டது.

ஜோவின் கண்களை மூடி, டப்பிங் குரலைக் கரகரவென்று இறக்கினான். "'அப்போது எனக்கு ஏழு வயது. மழை பெய்துகொண்டிருந்தது.' ஏழு வயசுல மழைல நனைஞ்சா ஜலதோஷம் வரணும். ஊரைக் கொளுத்துற எண்ணம் எப்டி வரும்?"

இவாஞ்சலின் சிரிக்கவில்லை. "படத்துலயே நல்ல இடம் அதாண்டா. இத்தினி நாளா அவனைத் திட்டினு இருந்தேன். இப்போ வாய் வரல."

"கண்ணுல தண்ணிகூட வந்துச்சு. பார்த்தேன்."

"வந்துச்சு. இன்னா இப்போ?"

அழுவாச்சிக் கதை கேட்டு மனசு மாறுகிறவர்களை எந்தப் பொறுப்பிலும் வைக்கக் கூடாது என்றான் ஜோவின். இவாஞ்சலின் மூடிய கதவைப் பார்த்தாள். "என் தோலை வெட்டினவன் கதைய நான் கேக்க மாட்டேன்."

"கேக்கவே கூடாது" என்றான் ஜோவின்.

கொம்பனிடம் ஒன்றுகூடவா உனக்குப் பிடிக்கவில்லை என்று ஃபஹீம் கேட்டான். ஜோவின் ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டான்.

"முகமூடி பரவால்ல. ஒரே துண்டு. கொம்புகிட்டகூட ஒட்டு போடல. வளைவு வர்றதுக்கு ஒரு ராத்திரி ஈரத்துலயே வெச்சிருக்கணும்."

"அது வரைஞ்சது, தோஸ்த்" என்றான் ஃபஹீம்.

உள்ளேயிருந்து ஜோவினைக் கூப்பிட்டார்கள். பையை வைத்துவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் இவாஞ்சலின். கேட்காதவன்போல அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். கதவு முழுசாகச் சாத்தவில்லை.

மேஜைமேல் தோல் விரித்திருந்தது. எல்லாரிடமும் சொன்னதைத்தான் சூரியபிரகாஷ் அவனிடமும் சொன்னார். "பையைத் தலைகீழாக் கொட்டுப்பா."

டிபன் பாக்ஸ் விழுந்தது. குடை விழுந்தது. பிறகு, ஒரு பழைய சட்டையில் சுற்றிய ஏதோ ஒன்று கனமாக விழுந்தது. சூரியபிரகாஷ் சட்டையைப் பிரித்தார். இரண்டு கொம்பு வைத்த கறுப்பு முகமூடி, இன்னும் பசை வாசனை போகாமல், அவரைப் பார்த்தது.

அவர் அதை எடுத்துத் தோலின் ஓட்டைமேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி விரித்தார். பானைக்கு மூடிபோல உட்கார்ந்தது, கொம்பு உட்பட. வெளியே பெஞ்சிலிருந்து இவாஞ்சலின் எழுந்தாள்.

சூரியபிரகாஷ் கோபப்படவில்லை. பயிற்சிக்குப் போகிறவர்களின் பட்டியலை இழுத்து, பேனா மூடியைக் கழற்றினார். "காரணம் கேக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? நான் கேக்கல."

பேனா ஜோவின் பெயருக்கு நேராக வந்து நின்றது. ஜோவின் ஒருமுறை வாசலைப் பார்த்தான்; அங்கே இவாஞ்சலின் கை கட்டி நின்றுகொண்டிருந்தாள். அவன் தலை மெல்லக் குனிந்தது. குரல் தானாகக் கரகரத்தது.

"அப்போ எனக்கு ஏழு வயசு, சார். மழை பேஞ்சினு இருந்துச்சு."