குசினி ஜன்னலில் தெரியும் பள்ளிக்கூடம்

லண்டன் எட்மண்டனில் சந்திரவதனா சமைக்கும் குசினியின் ஜன்னலைத் திறந்தால் அந்தப் பள்ளிக்கூடம் தெரியும். 2008 மார்ச்சில், மகள் தர்மிகாவுக்கு அங்கே இடமில்லை என்று கடிதம் வந்தது. இரண்டு பஸ் ஏறிப் போகவேண்டிய வேறொரு பள்ளியைக் கொடுத்திருந்தார்கள்.

"அனுமதிச் சோதனையிலை ஏதும் விட்டிட்டு வந்தனியோ பிள்ளை?"

"இல்லை அம்மா, எல்லாம் செய்தனான்."

சந்திரவதனா நம்பவில்லை. இரண்டு வருடம் ரியூசனுக்குப் போன பிள்ளை; அடுத்த வருடச் சோதனைக்காகத் தங்கை மயூராவும் அங்கே போய்க்கொண்டிருந்தாள். ரியூசன் பக்கமே போகாத பக்கத்து வீட்டு லதீசனுக்கு ஜன்னலில் தெரியும் பள்ளியிலேயே இடம் கிடைத்திருந்தது.

அழுகைகூட வராமல் அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் போய் நின்றாள். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"உங்கள் மகளுக்கு மிக உயர்ந்த புள்ளிகள். ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலிடம் என்ற முறை போன வருடத்தோடு முடிந்தது. இப்போது கெட்டிக்காரர், நடுத்தரம், பின்தங்கியவர் என்று எல்லா மட்டத்திலும் சம அளவில் எடுக்கிறோம். மேல் மட்டத்தில் கூட்டம் அதிகம், குலுக்கல் போட்டோம். கீழ் மட்டத்தில் கேட்ட எல்லோருக்கும் கிடைத்தது."

வெளியே வந்து ரியூசன் மாஸ்டருக்குப் போன் எடுத்தாள்.

"மாஸ்டர், சின்னவள் மயூரா இனி வரமாட்டாள்."

"ஏன் அக்கா? பிள்ளை கணக்கிலை சரியான வீக் அல்லோ?"

"ஓம் மாஸ்டர். அது அப்பிடியே இருக்கட்டும்."