நீலக் கோட்டு

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுடி. தலைக்கு மேல அந்தக் கோபுரம் தெரியணும்."

பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்தாள். மூன்று வயதுத் தம்பி அரண்மனைப் படிக்கட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இனி ஒரு அடி நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

"மேடம், இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்லயே நின்னு போட்டோ எடுத்துட்டிருக்கீங்களே. ராஜா படுத்த கட்டில் உள்ளே இருக்கு, வந்து பாருங்க," என்றார் கைடு. காலையிலிருந்து சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இந்த அம்மாவுக்குப் போட்டோப் பைத்தியம் என்று முடிவுகட்டி, மற்றவர்களை உள்ளே அழைத்துப் போய்விட்டார்.

அவளுக்கா போட்டோ ஆசை? கணவன் அனுப்பிய படத்தைப் பார்த்து, அவன் நின்ற அதே இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். இடம் சரிதான் என்று தெரிந்ததும் வாசல் காவலாளியிடம் படத்தைக் காட்டி, இவரைப் பார்த்தீர்களா என்று சைகையில் கேட்டாள். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

போன வருஷம் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் கணவன் இரண்டு முறை பேசினான். பிறகு, வேலை இடத்தில் போனில் பேச விடுவதில்லை என்று எழுதினான். அதோடு குரல் நின்றது. மாதம் பிறந்தால் ஒரு படம் மட்டும் வரும், கீழே 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி. கோபுரத்தடியிலும் கோட்டை வாசலிலும் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்பான்.

அங்கே வேறு எவளையோ சேர்த்துக்கொண்டான் என்று சொந்தபந்தம் வாயில் போட்டு மெல்லத் தொடங்கியது. அனுப்பி வைத்த ஏஜென்ட் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடியிருந்தான். "நேர்ல போய் சட்டையைப் பிடிச்சுக் கேளு," என்று அண்ணன்தான் கடனை உடனை வாங்கி இந்தச் சுற்றுலாவில் சேர்த்துவிட்டான்.

நாங்க வர்றோம் என்று எத்தனையோ தடவை எழுதினாள். பதிலுக்குப் போன வாரம் ஒரு பாலத்துப் படம் வந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் பஸ் ஏறினால் ராத்திரி விமானம். இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

"அம்மா, கால் வலிக்குது."

"இன்னும் ஒரே ஒரு இடம்டா கண்ணு. அந்தப் பாலம் மட்டும் பார்த்துடுவோம்."

தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெரியவளை இழுக்காத குறையாக நடந்தாள். கைப்பேசி பெரியவள் கையில் இருந்தது. அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏம்மா, அப்பா கட்டைவிரல்ல சுத்தின துணியை இன்னும் அவுக்கவே இல்லையே. அந்தப் புண்ணு ஆறவே ஆறாதா?"

"பேசாம நடடி."

காலையில் இருந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. எவளோடு வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணில் பட்டால் போதும் என்று ஆகிவிட்டது. அழுதால் பிள்ளைகளும் அழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாலத்து முனையில் ஒரு போட்டோக்காரர் பெரிய குடையை விரித்து உட்கார்ந்திருந்தார். குடைக் கம்பியில் ஒரு கோட்டு தொங்கியது. நீலக் கோட்டு.

"அப்பா."

தம்பி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினான். அவனுக்கு அப்பா முகம் ஞாபகமில்லை, கோட்டுதான் அப்பா. தொங்கிய கோட்டின் இரண்டு கைகளையும் இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

கோட்டு இங்கே இருக்கிறதென்றால் ஆளும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அவள் மகளிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்கி, தினமும் அடித்து ஓயும் அந்த எண்ணை அழுத்தினாள்.

மணி பக்கத்திலேயே கேட்டது.

"அம்மா, இங்கதான் அடிக்குது. அப்பா இங்கதான் இருக்காரு," என்று பெரியவள் குதித்தாள். தாயோ பாலத்தில் போகிற வருகிற முகங்களையெல்லாம் கண்ணால் துழாவினாள்.

போட்டோக்காரர் தம் பையைத் திறந்தார். அடித்துக்கொண்டிருந்த போனை வெளியே எடுத்தார். திரையில் அவளும் இரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள்.

"உக்காருங்கம்மா," என்றார் தமிழில்.

"அவரு எங்க, அண்ணே?"

"இது என் கோட்டும்மா. வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க இதைப் போட்டுக்கிட்டுத்தான் படம் எடுத்துக்குவாங்க. உங்க வீட்டுக்காரர் ஒரே நாள்ல ஊர் பூரா நின்னு எடுத்துக்கிட்டாரு. மறுநாளே அவரையும் கூட வந்தவங்களையும் மலைக்கு அந்தப் பக்கம் சுரங்க வேலைக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்க. அங்க போனைப் பிடுங்கிடுவாங்களாம். சீக்கிரமே வந்து வாங்கிக்கிறேன்னு என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு."

"அப்புறம்?"

"வரல. அங்கிருந்து திரும்பி வந்தவங்க எல்லாரையும் கேட்டுப் பார்த்துட்டேன். ஒருத்தருக்கும் தெரியல."

"பொய் சொல்லாதீங்க. போன வாரம்தான் இந்தப் பாலத்துப் படம் அனுப்பினாரு. நல்லா இருக்கேன்னு எழுதியிருக்காரு. இதோ பாருங்க."

அவள் நீட்டிய படத்தை அவர் பார்க்கவில்லை. கோட்டுக்குள் முகம் புதைத்திருந்த தம்பியையே பார்த்தார்.

"மாசா மாசம் எழுதினது நான்தாம்மா."