பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் தூக்கினேன்

டாக்டரின் அறையில் வெள்ளை விளக்குப் பெட்டி எரிகிறது. அதில் தொங்கும் ஸ்கேன் படம், வீடு மாற்றுகிறவர்களுக்கு பீரோ சுமக்கும் ஒரு மனிதரின் முதுகெலும்பு. கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் கிரேன். "ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கு பாருங்க, அது பிதுங்கி காலுக்குப் போற நரம்பை நசுக்குது" என்று மூன்றாவது முறையாகப் பேனா முனையால் காட்டுகிறார் டாக்டர். "ஆறு வாரம் எதையும் தூக்காதீங்கன்னு சொன்னேனே?" கிரேன் பெருமையாக இடுப்பைத் தட்டுகிறார். "பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் தூக்கினேன் சார்." பக்கத்து ஸ்டூலில் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். அவள் அலைந்து திரிந்து வாங்கி வந்த பெல்ட் அது. "முதுகு அசையாம இருக்கத்தானேய்யா அதைக் கட்டிவிட்டேன்? நாலு பீரோ சார், அதுவும் மாடிக்கு." "சும்மா கத்தாதே" என்று அவளை அடக்குகிறார் கிரேன். "வலிதான் நேத்தே போயிடுச்சே. கால் பஞ்சு மாதிரி இருக்கு."

டாக்டரின் பேனா நிற்கிறது. "வலது கால் கட்டைவிரலை மேலே தூக்குங்க." "இவ்வளவுதானா?" என்று சிரித்தபடி கிரேன் பல்லைக் கடிக்கிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, நெற்றி வியர்க்கிறது. விரல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. "வலி போனது குணமானதால இல்லை, நரம்பு செயலிழக்குது. இன்னிக்கே ஆபரேஷன் செஞ்சாத்தான் காலைக் காப்பாத்தலாம்" என்கிறார் டாக்டர். "வீம்புக்கு உட்கார்ந்திருக்காதே, தூக்கித்தான் காட்டேன்யா" என்று மனைவி எரிச்சலோடு குனிந்து, அந்த விரலைத் தன் கையாலேயே நிமிர்த்திப் பிடிக்கிறாள். விட்டதும் அது விழுகிறது. மறுபடியும் பிடிக்கிறாள், இந்த முறை விடவில்லை.