எரியாத இலை

மூங்கில் இலைகளில் ஆரஞ்சுப் பொடியாகத் துருநோய் படிந்த பிறகுதான் தயாபரன் அந்த மலைக்கு வரத் தொடங்கினான். நோயை ஆராய வந்தவனுக்குப் புதர்களைக் காட்டுவது வெள்ளச்சியின் வேலை. திரும்பும்போது, பொடி ஒட்டிய அவள் கைகளை அவனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவான். "இதோட நல்ல மூங்கிலைத் தொட்டா அதுவும் போச்சு!" என்பான். அந்த ஈரத்தை அவள் துடைத்ததே இல்லை.

இன்று நோய்ப் புதர்களையெல்லாம் வெட்டி எரித்தார்கள்.

"இனி எனக்கு இங்க வேலையில்ல, வெள்ளச்சி" என்று சிரித்தபடி ஜீப்பில் ஏறினான்.

"நல்லதாப் போச்சு சார்" என்றாள்.

அண்ணி விடவில்லை. "மூங்கிலுக்குப் பிடிச்ச சீக்கு போயிடுச்சு. உனக்குப் பிடிச்சது எப்படி போவுமாம்?"

வெள்ளச்சி வீட்டுக்குப் பின்னால் இருந்த மூங்கில் புதருக்கு நடந்தாள். மழைக்காலம் முழுக்க வீட்டார் சமைத்துச் சாப்பிடும் குருத்துகள் அதில்தான் முளைக்கும். ஒரு புள்ளிகூட விழாத பச்சை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தீயில் போடாமல் ஒளித்துவைத்த ஒரே ஓர் இலை, உள்ளங்கையில் பொடியை உதிர்த்தது.

அவளுடைய முதுகுப் பக்கமிருந்து மூங்கிலை நோக்கிக் காற்று எழுந்தது. அவள் கையை மூடவில்லை.