எட்டாக மடித்த சீட்டு

உடை மாற்றும் அறையின் சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் பக்கத்தைச் சுற்றி ஒரே கூச்சல்.

சீசன் தொடங்க மூன்று நாள்தான் இருந்தது. நாட்டின் சிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் நூறு பேரைப் பத்திரிகை வரிசைப்படுத்தியிருந்தது. கேப்டன் ஒன்பதாவது. இந்த அணியிலிருந்து இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், எழுபதுக்கும் கீழே.

"அண்ணன் மட்டும் இல்லேன்னா இந்த டீம் கடைசியிலதான் கிடக்கும்னு அவனே எழுதியிருக்கான் பாரு" என்று அணியிலேயே உயரமான நெட்டை, அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினான். ஒன்பதா, ஐந்தில் அல்லவா போட்டிருக்க வேண்டும் என்று மற்றவர்கள் பத்திரிகைக்காரனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

மாப்பிள்ளை அந்தப் பக்கத்தை இரண்டு முறை மேலிருந்து கீழ் வரை தேடிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நூறில் அவன் இல்லை. இருநூறு போட்டிருந்தாலும் இருந்திருக்க மாட்டான். கேப்டனின் தங்கையைக் கட்டியவன் என்பதால் அணிக்கே அவன் மாப்பிள்ளை. கல்யாணத்தில் மாமனார் வீட்டுச் சீராக ஒரு ஜெர்சியும் கொடுத்துவிட்டார்கள் என்று கேலி பேசுவார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான்.

புது மேனேஜர் ஒரு காலி ஷூ பெட்டியோடு உள்ளே வந்தார். கூச்சல் அடங்கியது.

போன வாரமே சொல்லியிருந்தார். பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்குத்தான் இடம். பத்திரிகை சொல்வது அவருக்கு வேண்டாம். தினமும் ஒன்றாக ஆடுகிறவர்களே சொல்லட்டும். ஆளுக்கொரு சீட்டு. சிறந்தவரில் தொடங்கி, பன்னிரண்டு பேரின் ஜெர்சி எண்ணையும் வரிசையாக எழுத வேண்டும், தன்னுடையதையும் சேர்த்து. அதிகச் சீட்டுகளில் கடைசியாக வருகிற எண்ணுக்காரர் பையைக் கட்ட வேண்டியதுதான்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார் கேப்டன்.

"எல்லாரும் அவங்கவங்க நம்பரையே கடைசியில போடுங்கடா. ஆளுக்கு ஒரு ஓட்டுதான் விழும். அப்புறம் யாரைத் தூக்குவான்னு பார்க்கிறேன்."

காலையில்தான் பன்னிரண்டு பேரும் பந்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். நெட்டை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான்.

மாப்பிள்ளை எழுதி முடிக்க எல்லோரையும் விட நேரமாயிற்று. வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. இந்த இடம் போனால் வேறு எந்த அணியும் அவனைச் சீந்தாது. எழுதிய சீட்டை எட்டாக மடித்து, நகத்தால் அழுத்திப் பெட்டியில் போட்டான். பஸ் டிக்கெட்டையே எட்டாக மடிக்கிறவன் அவன். கேப்டன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

மேனேஜர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் கடைசி எண்ணை மட்டும் வாசித்தார்.

நாலு.

"அது நான்தான் சார்" என்று கேப்டன் கை தூக்கினார். எல்லோரும் சிரித்தார்கள்.

நாலு.

எவன்டா அது என்பதுபோல் கேப்டன் புன்னகையோடு ஒரு சுற்றுப் பார்த்தார்.

நாலு. நாலு. நாலு.

ஆறாவது சீட்டு வந்தபோது அறையில் யாருடைய ஷூ நாடாவும் சரியாகக் கட்டியிருக்கவில்லை போலும். அத்தனை பேரும் குனிந்திருந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு உடனே விளங்கிவிட்டது. மற்றவர்கள் சத்தியத்தைக் காப்பாற்றுவார்கள், நான் ஒருவன் மீறினால் குடி முழுகிவிடாது என்று ஒவ்வொருவனும் நினைத்திருக்கிறான். தான் தப்ப வேண்டுமென்றால் வேறு ஒருவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாக விழ வேண்டும். விழுந்தாலும் அசைக்க முடியாத ஆள் யார்? ஒன்பதாம் இடத்துக்காரரை எந்த மேனேஜராவது தொடுவானா? ஆளுக்கு ஆள் தேடிப் போய், தங்களுக்கு மிகவும் பிடித்தவரின் தலையிலேயே கை வைத்திருக்கிறார்கள்.

பதினொன்றாவதும் நாலுதான்.

"இவ்வளவு ஒத்துமையான டீமை நான் பார்த்ததே இல்லை" என்றார் மேனேஜர்.

பெட்டியின் மூலையில் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது, புளியங்கொட்டை அளவுக்கு. அதைக் கண்டதும் கேப்டனின் முகத்தில் உயிர் வந்தது. இனி அது எதையும் மாற்றப்போவதில்லை. ஆனாலும் அந்த ஒன்றுக்காகத்தான் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

மேனேஜரால் அதைப் பிரிக்க முடியவில்லை. கேப்டன் கை நீட்டி வாங்கி, மடிப்பு மடிப்பாக நிதானமாகப் பிரித்தார். பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பதினேழு" என்று வாசித்தார்.

பதினேழு மாப்பிள்ளையின் எண். குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்து அவனைப் பார்த்தன. நெட்டைக்கு இந்த முறை நிஜமாகவே கண் கலங்கியது.

கேப்டன் சீட்டைப் பழைய மடிப்பிலேயே எட்டாக மடித்து, மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர், திரும்பாமலே சொன்னார்:

"தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடு மாப்ளே, நீ ஒருத்தன்தான் வாக்கு தவறலேன்னு."

மாப்பிள்ளை சீட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. அதில் கடைசியாக இருப்பது நாலு என்று எழுதியவனுக்குத் தெரியாதா?