ஓய்வு விசா வேண்டாம்

"ஓய்வு விசாவுல நிம்மதியாத்தானே இருந்தீங்க? எதுக்குக் கல்யாண விசாவுக்கு மாறணும்?"

தாய்லாந்தின் உடோன் தானி குடிவரவு அலுவலகத்தில் அதிகாரி சோம்போங் முறைத்தார்.

"மாலிவானைக் கட்டிக்கிட்டேன் சார்," என்றார், வேலையிலிருந்து ஓய்வுபெற்று அங்கே வந்து தங்கியிருந்த ஸ்வீடன்காரர் ஆர்வித். அவளை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். பதில் பிசகினால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"நிஜக் கல்யாணமான்னு பார்த்துடலாம். உங்க வீட்டம்மா பப்பாளி சாலட்டுல எத்தனை மிளகாய் போடுவாங்க?"

"பன்னிரண்டு."

அதிகாரி தண்ணீர் குடித்தார்.

"கோபம் வந்தா?"

"பேசமாட்டா. உரல்ல எதையாவது போட்டு இடிச்சுக்கிட்டே இருப்பா."

அதிகாரிக்கு ஒருமுறை தூக்கிவாரிப் போட்டது.

"குறட்டை விடுவாங்களா?"

ஆர்வித் கதவைத் திரும்பிப் பார்த்தார். "சேச்சே! விடவே மாட்டா."

"பொய்!" மேசை அதிர்ந்தது. "அவ விடுவா!"

ஆர்வித்துக்கு வியர்த்துவிட்டது. "உங்களுக்கு எப்படி சார்...?"

"எட்டு வருஷம் அவ புருஷனா இருந்து தூக்கம் கெட்டவன்யா நான்!" முத்திரையை ஓங்கிக் குத்தினார் சோம்போங். "அவளுக்காக என்கிட்டயே பொய் சொல்றியே, நீ நிஜப் புருஷன்தான். போ. நீ ஓய்வுலேருந்து கல்யாணத்துக்கு மாறுறே. நான் கல்யாணத்துலேருந்து ஓய்வுக்கு மாறினவன்!"