சத்தம் போடாத செயின்

வண்டி வாசலுக்கே வந்துவிட்டது. வீட்டுக்குள் இன்னும் சண்டை ஆரம்பிக்கவில்லை.

வீடு மாறி வந்துவிட்டோமோ என்று விஜயகுமாருக்குச் சந்தேகம் வந்தது. ஓசூரில் ஒரே அச்சில் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது அவனுடைய கம்பெனி சட்டைதான்.

கல்யாணமான நாளிலிருந்து, அவன் ஷிப்ட் முடிந்து வந்து படியில் கால் வைக்கும்போதெல்லாம் அம்மா வெள்ளையம்மாவும் மனைவி அருணாவும் சண்டையில்தான் இருப்பார்கள். குழம்பில் உப்பு, ரசத்தில் புளி, குழாயடியில் குடம், எது கிடைத்தாலும் போதும். அம்மா ஒரு மூலையில் மூக்கைச் சிந்துவாள். அருணா இன்னொரு மூலையில் பாத்திரத்தை உருட்டுவாள்.

யார் பக்கம் பேசினாலும் ராத்திரி சோறு கிடைக்காது. அதனால் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே டீக்கடைக்கு நடையைக் கட்டுவான். ஒரு மணி நேரம் கழித்து, ஆளுக்கொன்றாக இரண்டு பொட்டலம் மிக்சரோடு திரும்பி வருவான்.

இந்த ரோதனை போதாதென்று பைக் செயின் வேறு. தெருமுனை திரும்பும்போதே கவரில் அடித்துக்கொண்டு கடகடவென்று ஊரைக் கூட்டும். மெக்கானிக் முனிராஜ் இறுக்கிக் கொடுப்பான். வாரம் திரும்புவதற்குள் மறுபடியும் தொங்கிவிடும். இப்படி ஒரு செயினைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று முனிராஜ் தமிழில் சொன்னான், கன்னடத்தில் சொன்னான், அப்படியும் ஆத்திரம் அடங்காமல் தெலுங்கிலும் சொன்னான்.

இன்று சாயங்காலம் அதற்கு முடிவு கட்டியாயிற்று. செயினை மட்டும் மாற்றினால் போதாதா என்று விஜயகுமார் இழுத்துப் பார்த்தான். முனிராஜ் கழற்றிய பல்சக்கரத்தை அவன் மூக்குக்கு நேரே பிடித்தான். பற்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பூனை நகமாக வளைந்திருந்தன. பழைய சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் அதையும் தின்று தீர்த்துவிடும், மாற்றினால் முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் மாற்று, இல்லையென்றால் வேறு கடையைப் பார் என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பேச்சு விஜயகுமாரின் மனதில் வேறெங்கோ போய் மாட்டிக்கொண்டது. ஒன்றையொன்று தின்கிற இரண்டை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே முடிவெடுத்தான். அம்மாவைச் சிங்காரப்பேட்டையில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியதுதான். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

முனிராஜிடம் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது இரண்டு முறை கணக்குத் தப்பியது.

புது செட் போட்ட வண்டி வெண்ணெயாக வந்தது. முனிராஜ் கியர் ஆயிலைப் பிரஷ்ஷால் தடவி, வழிந்ததைத் துணியால் துடைத்து அனுப்பியிருந்தான். தெருநாய்கூடத் தலையைத் தூக்கவில்லை.

இப்போது வாசலில் நின்று, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்தான். உள்ளே டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள்.

அம்மாவின் சிரிப்பு.

ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தான். ஒரே பாயில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அருணா தலை வைத்துப் படுத்திருந்தாள். நேற்று அவன் வாங்கி வந்த இரண்டு பொட்டல மிக்சரும் ஒரே தட்டில் கலந்து கிடந்தது.

அருணா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு உப்பா குழாயடியா என்று கேட்டாள். உப்பு நேற்றே ஆகிவிட்டது, இன்றைக்குக் குழாயடி என்றாள் அம்மா. வண்டிச் சத்தமே இன்னும் கேட்கவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று எழப்போனவளைத் திரும்பப் படுக்க வைத்தாள்.

அவன் வீட்டில் உட்கார்ந்தால் டிவியில் கிரிக்கெட். டீக்கடைக்கு ஓடினால் சீரியல். அவனை ஓட வைக்கத்தான் சண்டை. இது விளங்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

காலையில் செயினை மாற்றப் போவதாகச் சொன்னாரே, அதனால்தான் இவ்வளவு நேரமோ என்றாள் அருணா. அம்மா கையில் அள்ளிய மிக்சரைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

"புதுச் செயினா? அப்புறம் அவன் வர்றது எப்பிடித் தெரியும்? அரிசி டிரம்முல இருக்கிற ஸ்பேனரை எடுத்து வெளியில வை கண்ணு. காலைல அவன் குளிக்கப் போறப்ப நான் ஸ்பேனர் மேல ஏறி மிதிச்சு நட்டை இளக்குறேன், நீ செயினைத் தளத்து. முடிஞ்சதும் நட்டை மட்டும் மறக்காம நல்லா முடுக்கிடு, புள்ளை ரோட்டுல போறவன்."

விஜயகுமார் பூனைபோலப் படியிறங்கினான். கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. சிங்காரப்பேட்டை எங்கே போனதென்றே தெரியவில்லை. சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனான். அங்கிருந்து உதைத்து, வாசல் வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வந்தான்.

உள்ளே ஒரு குண்டான் உருண்டது. ஒரு மூக்கு சிந்தப்பட்டது. குழாயடியில் யார் குடத்தை யார் நகர்த்தியது என்று சண்டை பிய்த்துக்கொண்டு போனது. விஜயகுமார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, முழுசாகக் கேட்டுவிட்டு டீக்கடைக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலை குளிக்கப் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வாசல் பக்கம் அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. புது செட் ஆயிற்றே, முனிராஜ் நட்டைக் கொஞ்சம் அதிகமாகத்தான் இறுக்கியிருந்தான்.

அவன் இன்னொரு வாளி தண்ணீர் பிடித்தான்.